கூழ் ஊற்றிய நாளில் நான் சொன்ன சொல்

அன்புள்ள மகனே,

நேற்று ஊர்க்கூட்டத்தில், அம்மன் கோயில் வாசலில், எல்லோர் காதிலும் விழும்படி உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். மீன் கூடையோடு வரும் எவளாவது கடைவீதியில் உன்னை நிறுத்தி இதைச் சொல்லி, நீ பேந்தப் பேந்த விழிக்கக் கூடாது. என் வாயாலேயே நீ கேட்க வேண்டும் என்றுதான் இந்த ஓலை. ஆறு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் ஊற்றிய நாளில், ஊரில் யாரும் வலை கட்டக் கூடாத அன்று, முகத்துவாரத்தில் திருட்டு வலை கட்டியவன் செங்கேணி இல்லை, என் மகன்தான் என்று சொன்னேன். நீ அன்று வீட்டில் படுத்திருந்ததாக நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் உன்மேல் வேண்டிய மட்டும் இருக்கிறது. முழுதும் வாசித்து முடிக்கும்வரை மட்டும் பொறுத்துக்கொள்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். தோணிரேவுப் படகுத்துறையில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு ஓலை எழுதிக் கொடுக்கிறாரே, அந்தப் பெரியவர்தான் எழுதுகிறார். என் பேச்சை நல்ல தமிழாக மாற்றித்தான் எழுதுவேன் என்கிறார். உன்னைத் திட்டி நான் சொன்ன இரண்டு சொற்களை எழுதவே மாட்டேன் என்று எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னால், யாரோ ஒரு பெரிய வீட்டு அம்மாள் பேசுவதுபோல இருக்கிறது. மற்றவர்கள் பேசியதையாவது பேசினபடியே எழுதுங்கள் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். சுற்றி நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிற்கட்டும். உனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்ல என்னிடம் இனி ஒன்றும் இல்லை. நீயும் இதை யார் முன்னால் வேண்டுமானாலும் வாசித்துக்கொள்.

நீ ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் போய் ஐந்து வருடம் ஆகிறது. மேல்துண்டு போடுகிறாய், செருப்பு மாட்டுகிறாய், கப்பல்களுக்கு மீன் கொடுக்கும் வியாபாரியின் வலது கையாக இருக்கிறாய். அதனால் ஊர் வழக்கத்தை மறந்திருப்பாயோ என்று ஒரு சந்தேகம். ஏரியில் வலை கட்டும் இடங்களை நாம் பாடு என்கிறோம். எந்தப் பாட்டில் மீன் விழும், எதில் சேறுதான் மிஞ்சும் என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை, குடும்பத்துக்குத் தலையான ஒவ்வொருவன் பெயரையும் ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் போட்டு, அம்மன் முன்னால் எடுக்கிறோம். நல்ல பாடு ஒருவனுக்கே நிலைத்துவிடக் கூடாது, கெட்ட பாட்டிலேயே ஒருவன் கிடந்து சாகவும் கூடாது. அடுத்தவன் முறையில் கை வைக்காதே என்பதுதான் இந்தக் குப்பத்தின் ஒரே சட்டம். கூழ் ஊற்றும் நாளில் யாருக்குமே முறை கிடையாது. அன்று ஏரி அம்மனுக்கு. இதற்குக் காவல்காரன் வைத்ததில்லை, வேலி போட்டதில்லை. ஒருவரை ஒருவர் நம்பித்தான் இத்தனை தலைமுறை ஓடியிருக்கிறது.

அந்த நாளை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். விடியலிலிருந்தே நான் கோயிலில் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். ஐந்து பானை. ஈரவிறகு. கண்ணெல்லாம் புகை. நீ வயிற்றுவலி என்று சொல்லி வரவில்லை. பொழுது உச்சியிலிருந்து இறங்குகிற நேரத்தில், வேறொரு குப்பத்திலிருந்து படகில் வந்தவர்கள் முகத்துவாரத்தில் வலை கட்டும் கழி ஒன்று நட்டபடி நிற்கிறது, சுற்றிலும் இறால் சிதறிக் கிடக்கிறது என்று சொன்னார்கள். ஆண்கள் எல்லாம் ஓடினார்கள். பிடுங்கி வந்த கழியில் இரண்டு வெட்டு இருந்தது. இரண்டு வெட்டு என்றால் செங்கேணி வீட்டுக் கழி. செங்கேணி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நமக்கு அடுத்த வீடு. உன் நைனாவோடு ஒரே வலையில் பதினைந்து வருடம் நின்றவன். நீ சித்தப்பா சித்தப்பா என்று தோளில் ஏறிச் சவாரி செய்தாயே, அவன். "கழி என்னுதுதான். கொல்லைல சாத்தி வெச்சினு இருந்தேன். எவனோ எடுத்துனு போயிருக்கான்"னு அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். அந்தக் கொல்லைக்குள் போகக் கூடியவர்கள் அவன் வீட்டாரும் நம் வீட்டாரும்தான். கூழுக்கு வராதவன் நீ ஒருவன்தான். எல்லோரும் உன் நைனாவைப் பார்த்தார்கள். உன் நைனா என்னிடம் ஓடி வந்தார்.

"ஏமே, நம்ம புள்ள ஊட்லதான இருந்தான்?" என்று கேட்டார். நான் கூழ் கிண்டிய துடுப்பை விடவில்லை, அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஊட்லதான் படுத்துனு இருந்தான்"னு சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். கூழ் அடிப்பிடித்துவிடுமே என்று இருந்த கவலை, அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு இல்லை. அவர் நேராகத் தண்ணீருக்குப் போய், ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி, "எம் புள்ள ஊட்ல படுத்துனு இருந்தான். இது சத்தியம்" என்று ஊர் முன்னால் சொன்னார். தண்ணீரைக் கையில் எடுத்துச் சொன்ன பிறகு நம் ஊரில் மறுபேச்சு கிடையாது. விடியுமுன்பே வலை கட்டிவிட்டுத்தான் கூழுக்கு வந்திருப்பான் என்று சொல்லி, செங்கேணிக்கு மூன்று வருடம் பாடு இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். ஒரு சொல். அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கொடியில் உன் வேட்டி சொட்டச் சொட்டத் தொங்கியது. நான்தான் எடுத்து இன்னொரு முறை பிழிந்து போட்டேன். உன் கால் விரல் இடுக்கில் கறுப்புச் சேறு, அதில் சிப்பித் தூள் வெள்ளை வெள்ளையாக. அந்தச் சேறு நம் வீட்டுப் பக்கம் எங்கேயும் கிடையாது, முகத்துவாரத்தில்தான் உண்டு. "காலக் கழுவினு வந்து துண்ணு"னு சொல்லிச் சோறு போட்டேன். வயிற்றுவலிக்காரன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாய். எல்லாவற்றையும் பார்த்தேன் மகனே. பார்த்தது ஒரு பக்கம் கிடந்தது, சொன்னது ஒரு பக்கம் கிடந்தது. இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை.

பிறகு நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் நீ காது கொடுத்திருக்க மாட்டாய். அந்த வருடம் மழையும் ஏமாற்றியது. பாடு இல்லாதவனுக்கு ஏரியில் என்ன வேலை? செங்கேணி கடல்பக்கக் குப்பங்களில் கூலிக்கு வலை இழுத்துப் பார்த்தான். அடுத்த வருடம் கப்பலில் பாய் இழுக்கிற வேலைக்கு ஏறிப் போனான், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை; தண்டனை முடிந்தும் அவன் இடம் காலியாகவே கிடக்கிறது. அவன் பெண்டாட்டி எல்லம்மா இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறாள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு போகிறாள். நம் குப்பத்தில் வலைக்காரன் பெண்டாட்டி எவளும் அதற்கு முன் செய்யாத வேலை. தண்டனை ஆன புதிதில் ஒருநாள் காலையில் நெருப்பு வாங்க என் வாசலுக்கு வந்தாள். "அம்மன் வயித்துல அடிச்சவன் ஊட்டு அடுப்பு எரிஞ்சா இன்னா, எரியாட்டி இன்னா"ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன். இதையும் எழுதுங்கள் என்றுதான் சொன்னேன்.

உன் நைனா அதிகம் பேசுகிறவர் இல்லை. வலையில் பக்கத்து ஆள் மாறியது அவருக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது, "செங்கேணி என்ன ஏமாத்திட்டான்மே, கூடவே நின்னு ஏமாத்திட்டான்" என்று புலம்பிக்கொண்டே போனார். ஏமாற்றியது அவன் இல்லை, பெற்ற பிள்ளை. கஞ்சி ஊற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும்தான். யாரை வெறுக்க வேண்டுமோ அவர்கள் கையாலேயே கஞ்சி குடித்துவிட்டு, வெறுக்கக் கூடாதவனை வெறுத்தபடி அந்த மனிதன் செத்துப் போனார். இதற்கு நான் எந்தக் கோயிலில் போய் விழுவது?

நான் யோசிக்கத் தெரியாதவள் இல்லை. மீன் விஷயத்தில் என்னை ஏமாற்ற இந்தக் கரையில் ஆள் கிடையாது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்கியதில்லை. மேகத்தைப் பார்க்காமல் கருவாடு விரித்ததில்லை. பொன்னேரி சந்தைக்குப் போனால் இன்றைக்கு எவள் எந்தப் பக்கம் உட்காருவாள், நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு நடப்பேன். ஆனால் வீட்டு மனிதர்களைப் பற்றி யோசிப்பது என்றால் அவர்களைச் சந்தேகப்படுவது என்று நினைத்துவிட்டேன். பாசம் இருக்கிற இடத்தில் யோசனை எதற்கு என்று இருந்தேன். புருஷன் கேட்டால் பதில், பிள்ளை கேட்டால் சோறு. வேலை ஓயாத கைக்கு மனசும் சேர்ந்தே உழைக்கிறது என்று ஒரு திமிர் எனக்கு. கை மட்டும்தான் உழைத்தது.

இதில் உனக்கு நான் செய்த கெடுதலும் ஒன்று உண்டு. ஆறேழு வயதில் நீ எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் நின்றுதான் பதில் சொல்வாய். ஏரியைப் பார்த்துக்கொண்டே நிற்பாய். "இன்னாடா முழிக்கற, கேட்டா டக்குனு சொல்லு" என்று தலையில் குட்டுவேன். ஒருமுறை காயப்போட்ட இறாலைத் தட்டோடு சேற்றில் கவிழ்த்துவிட்டாய். நான் வந்து, "யார்ரா இது?" என்றேன். உன் உதடு அசைந்தது. நீ உண்மையைத்தான் சொல்லப் போனாய், அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குள் நானே, "அந்தப் பாழாப்போன பூனைதான், வேற யாரு"ன்னு சொல்லி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பூனையைத் துரத்திப் போனேன். திரும்பி வந்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உனக்காகப் பதில் சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றே கற்றுக்கொண்டாயோ என்னவோ. கற்றுக்கொடுத்தவள் நான்.

இப்போது சென்ற மாதத்துக்கு வருகிறேன். உன் கல்யாணச் செய்தியோடு, வெற்றிலை மஞ்சள் எடுத்துக்கொண்டு, கோட்டைச் சமையல் குசினிக்கு மீன் வாங்குகிற அந்தத் தொந்திக்காரர் வந்தார். உன் முதலாளியின் மகள்தான் பெண் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் விரித்து, மோர் கொடுத்து, உபசரித்தேன். அவரும் சந்தோஷத்தில் உன் புகழ் பாட ஆரம்பித்தார். "ஒம் புள்ள லேசுப்பட்டவன் இல்லம்மா. மொத மொதல்ல எங்கிட்ட வந்தது எப்டின்ற? கப்பல் வந்து நிக்குது, தொரைங்களுக்கு விருந்து, கரையில ஒரு மீன் கெடையாது. எல்லா குப்பத்துலயும் கூழு ஊத்தறாங்க, ஒருத்தனும் தண்ணில எறங்கல. நான் முழிச்சினு நிக்கறேன். தனியா ஒரு தோணில கூடை நெறைய எறா எடுத்துனு வந்தான் பாரு! அன்னிக்கே முதலாளி காதுல போட்டு வெச்சேன், இந்தப் பையன உட்டுடாதீங்கன்னு." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நிற்க, உள்ளே எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. கொடியில் தொங்கிய வேட்டி. கறுப்புச் சேறு. மூன்று முறை சோறு.

அவர் அதோடு நிறுத்தவில்லை. போகும்போது இன்னொன்று சொன்னார். பெண்ணின் அப்பாவுக்கு ஏரியில் ஒரு பிடி இருந்தால் நல்லது என்று எண்ணமாம். கல்யாணம் ஆனால் நீ ஒரு குடும்பத்துக்குத் தலை. உன் பெயரும் குடத்தில் விழ வேண்டுமாம். நைனாவின் இடத்தை, பட்டணத்து வேலை போதும் என்று நீயே உன் மாமன் மகனுக்கு விட்டுக் கொடுத்தாய். ஏரி வளரவில்லை, ஓர் இடம் ஒழிந்தால்தான் இன்னொரு பெயர் ஏறும். அதற்கும் நீயே வழி சொல்லி அனுப்பியிருந்தாய். "செங்கேணி எடம் காலியாத்தான கெடக்குதாம். அம்மா போய் ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும்னு தம்பி சொல்லி அனுப்பிச்சாரு" என்றார். இன்னொரு வார்த்தை! முன்னால் சொன்ன வார்த்தையால் காலியான இடத்துக்கு, இன்னொரு வார்த்தை சொல்லி உன்னை உட்கார வைக்க வேண்டுமாம். அவர் வெற்றிலை போட்டு வாசலில் துப்பிவிட்டுப் போனார். நான் அந்த இடத்தைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கோட்டைத் தெருவுக்கு உன்னைத் தேடி வந்தேன். மீன்காரி என்று உன் முதலாளி வீட்டு ஆள் பின்வாசலுக்குப் போகச் சொன்னான், போனேன். நீ வந்தாய். கேட்டேன். நீ மறுப்பாய் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. கையடித்துச் சத்தியம் செய்து, அந்தத் தொந்திக்காரர் உளறுகிறார் என்று சொல்லியிருந்தால், மகனே, நான் நம்பியிருப்பேன். அவ்வளவு முட்டாளாகத்தான் வந்து நின்றேன். நீ மறுக்கவில்லை. ஆச்சரியமாக என்னைப் பார்த்தாய்.

"தெரிஞ்சிதானம்மா சொன்ன? நான் ஒன்ன சொல்லச் சொன்னனா? ஈர வேட்டிய நீதான புழிஞ்ச. எனக்கோசரம் பொய் சொன்னேன்னு, இத்தினி வருசமா ஒன்ன சாமியா நெனச்சினு கீறேன்" என்றாய். செங்கேணி கழியை ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "நைனா கழியெல்லாம் தண்ணில நட்டு இருந்திச்சி. கைக்குக் கெடச்சிது, எடுத்தேன். ஒரு கழி சேத்துல மாட்டினு வரல. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?" என்றாய். "போன கத பூட்ச்சி. இப்ப கல்யாண நேரத்துல எதுக்கு அத நோண்ற?" என்று என் தோளில் கை வைத்தாய். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன், நினைவிருக்கிறதா? பெற்ற பிள்ளையின் கை சுட்டது எனக்கு அன்றுதான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் நானாக இல்லை. உன்மேல் இருந்த ஆத்திரத்தைவிட உன் கேள்விதான் என்னைத் தின்றது. தெரிந்துதான் சொன்னேனா? அம்மன் மேல் ஆணையாக, பானைக்குப் பக்கத்தில் நின்று சொன்னபோது தெரியாது. ஆனால் சாயங்காலம்? மறுநாள்? எல்லம்மா நெருப்பு கேட்டு வந்தபோது நான் ஏன் அவ்வளவு வேகமாகக் கதவைச் சாத்தினேன்? ஒன்றும் தெரியாதவளுக்கு அவ்வளவு கோபம் வருமா? ஆறு வருடமாக நான் முகத்துவாரப் பக்கம் படகில் போனால் மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவேன் என்று உன் மாமி கேலி செய்வாள். பேச்சை நிறுத்தினால் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும் என்று எனக்கு உள்ளே எங்கேயோ தெரிந்திருக்கிறது. வேலை, பேச்சு, சண்டை, சந்தை என்று ஓடி ஓடி அதற்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டேன். யோசிக்க நேரமில்லை என்று நான் சொன்னதெல்லாம் பொய். யோசிக்கப் பயமாக இருந்தது.

யோசிப்பது பெரிய மனிதர்கள் வேலை, சாமியார்கள் வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. கண் பார்த்ததை மனசு இன்னொரு முறை பார்ப்பது, அவ்வளவுதான். அரிசி களையும்போது செய்யலாம். வலை காயும்வரை உட்கார்ந்திருக்கும்போது செய்யலாம். இன்று நான் என்ன சொன்னேன், அது யார் தலையில் போய் விழுந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ள எழுத்தும் வேண்டாம், ஓய்வும் வேண்டாம். அன்று சோறு போட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற நேரத்துக்குள் நான் அதைச் செய்திருந்தால், செங்கேணி மறுநாள் காலையில் ஏரியில் இருந்திருப்பான்.

நீயோ யோசிக்காதவன் இல்லை. தண்ணீர் எப்போது வற்றும், ஊர் எப்போது கோயிலில் இருக்கும், எந்தக் கூடையை எந்தப் பக்கமாக எடுத்துப் போனால் யார் கண்ணிலும் படாது, எல்லாம் யோசித்தாய். செய்வதற்கு முன்னால் உன் மூளை நன்றாகத்தான் ஓடியது. செய்து முடித்த பிறகு ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தாயா? சித்தப்பா கப்பலேறிய அன்று நீ கரையில் கூட்டத்தோடு நின்றாய். அவன் உன் தலையைத் தடவி, "எம் பொண்ணுங்கள அப்பப்ப பாத்துக்கடா"ன்னு சொல்லிவிட்டுத்தான் ஏறினான். நீ தலையை ஆட்டினாய். அந்த ஆட்டலை என்னால் மன்னிக்க முடியவில்லை. திருட்டைக்கூட வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவேன்.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். குடத்துக்குப் பெயர் எழுதும் கூட்டம். பெண்கள் பின்னால் நிற்பதுதான் வழக்கம், பேசுவதில்லை. "செங்கேணி எடத்துக்கு யாரப் போடறது?" என்று கேட்டபோது நான் ஆண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். தண்ணீரில் இறங்கி, உன் நைனா அள்ளிய அதே துறையில் கையில் தண்ணீர் எடுத்தேன். யாரோ, "இன்னாமே இது, ஆம்பளைங்க கூட்டத்துல"ன்னு அதட்டினார்கள். நான் சொல்லி முடித்தேன். என் புருஷன் என் சொல்லை நம்பித்தான் சத்தியம் செய்தார், அவர்மேல் பழி இல்லை, பழி எனக்கும் என் மகனுக்கும் என்று சொன்னேன். எல்லம்மா அங்கேதான் நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவும் இல்லை. "ஆறு வருசம் ஆச்சா ஒனக்கு, ரெண்டு வார்த்த யோசிக்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மூத்த பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஊர் முடிவு இதுதான். செங்கேணி பெயர் குடத்தில் விழும். அவன் வரும்வரை அவன் தம்பி அந்தப் பாட்டில் வலை கட்டி, மீனை எல்லம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். நான் இனிமேல் அம்மன் பானையில் துடுப்பு பிடிக்கக் கூடாது. நியாயம்தான், ஆனாலும் நேற்று இரவு முழுக்க என் கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது. உனக்கு, நீயே வந்து அம்மன் முன்னால் நின்று வாயால் ஒத்துக்கொள்ளும்வரை இந்த ஏரியில் இடம் இல்லை. ஒத்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நீ என்னை ஏமாற்றினாய், நான் ஊரை ஏமாற்றினேன், நேற்று நான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன். உனக்கு அம்மா துரோகம் செய்துவிட்டாள் என்று தோன்றும். தோன்றினால் அதை இரண்டு நாள் மனசில் வைத்துப் பார். அவசரமாக ஆளனுப்பிப் பதில் சொல்லாதே.

அதற்குமேல் நாளும் இல்லை. தொந்திக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் பெண்ணின் தாயார் படகில் இங்கே வருகிறாளாம். பரிசம் போடும் முன்னால் பெண்ணைப் பெற்றவள் பிள்ளையைப் பெற்றவளிடம் தனியாக வந்து, "ஒம் புள்ள எப்டிப்பட்டவன்?" என்று கேட்பது வழக்கம் அல்லவா, அதற்காக. நம்மைப் போலவே ஒருத்தி, மகளைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து பயந்து கேட்பாள். அவளுக்குப் பாய் விரிப்பேன், மோர் கொடுப்பேன். நீ நல்ல உழைப்பாளி என்று சொல்வேன், அது உண்மை. பிறகு மற்றதையும் சொல்லத்தான் வேண்டும். அதை உன் வாயால் அவள் கேட்டால், ஒருவேளை அவள் மகள் உன்னை நம்பலாம். என் வாயால் கேட்டால் நம்ப மாட்டாள், அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது.

வியாழக்கிழமையே வந்துவிடு. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலில் அடுத்த வீட்டுக்குப் போ. எல்லம்மா கதவைச் சாத்துவாள். வெளியில் நின்று சொல். சொல்லிவிட்டு என்னிடம் வா, சோறு வைத்திருப்பேன். நீ வராவிட்டால், வெள்ளிக்கிழமை அவள் கேட்கும்போது நானே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா